பலாப்பழம் வெட்டிய குத்துவாள்

கருநாகத் தீவின் சக்கரவர்த்தி உதிரகேசரியை அவருடைய ஒன்பதாவது ராணி எந்தக் குத்துவாளால் குத்திக் கொன்றாளோ, அதே குத்துவாளால் செஞ்சிக் கடைத்தெரு பாத்திரக் கடை கனகராஜின் மனைவி வள்ளியம்மை பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கையில் நல்லெண்ணெய் தடவியிருந்தாள். கத்தியிலும் தடவியிருந்தாள். பால் ஒட்டாமல் இருக்க வேண்டுமே. பண்ருட்டிப் பழம். ஒரே குத்தில் பிளந்தது. சக்கரவர்த்தியின் மார்புகூட இவ்வளவு சுலபமாகப் பிளந்திருக்காது.

கனகராஜ் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தான். 

"ஏன் வள்ளி, அரிவாள்மணை இல்லையா?"

"அது மழுங்கிப்போச்சுங்க. உங்க ராஜா கத்திதான் நல்லா வெட்டுது."

அதற்கு மேல் பேசினால் சுளை கிடைக்காது. 

அப்படி ஒரு தீவு எந்தப் பூகோளப் புத்தகத்திலும் கிடையாது. அந்த ராஜாவும் கிடையாது. ஒன்பது ராணிகளில் ஒருத்திகூடக் கிடையாது. எல்லாம் மத்தியான நேரத்தில், ஈயும் வாடிக்கையும் ஒருசேர வராத பொழுதில், கனகராஜ் கல்லாவில் உட்கார்ந்து உண்டாக்கியவை. குத்துவாள் மட்டும் நிஜம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் கீற்றுக் கொட்டகையில் ஒரு ராஜா ராணிப் படம் பார்க்கப் போனவனுக்கு இந்த வியாதி பிடித்தது. கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் ராணியைப் பார்த்துக்கொண்டிருக்க, கனகராஜ் மட்டும் கத்தியைப் பார்த்தான். தூணில் பட்டதும் அது வாழை மட்டை மாதிரி வளைந்தது. வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. மறுவாரம் திண்டிவனம் ரோட்டு லாரி பட்டறையிலிருந்து வண்டிக்கு அடியில் பாரம் தாங்கி உடைந்துபோன வில் பட்டைத் துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஊரில் மலைக்கு மலை கோட்டை நிற்கிறது. ராஜாக்களுக்கா பஞ்சம்? நம்ம ஊர் ராஜாவின் கத்தியையே செய்யேன் என்று சொன்னவர்கள் உண்டு. கனகராஜ் ஒப்பவில்லை. நிஜ ராஜா என்றால், அவர் வைத்திருந்தது வாளா ஈட்டியா, இடது கைப்பழக்கமா வலது கைப்பழக்கமா என்று எவனாவது சண்டைக்கு வருவான். உதிரகேசரி எந்தக் காலத்திலும் வந்து புகார் சொல்ல மாட்டார்.

"கேசரின்னா ரவையா, சேமியாவா?" என்று வள்ளியம்மை கேட்டதோடு அவருடைய சரித்திரம் வீட்டில் முடிந்துபோயிற்று.

வேலை பொல்லாத வேலை. பட்டைத் துண்டைக் கரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ஆறவிட்டு, மெத்தென்று ஆன பிறகு அரத்தால் வாரக்கணக்கில் ராவ வேண்டும். வடிவம் வந்ததும் மறுபடி காய்ச்சி, வேர்க்கடலையிலிருந்து ஆட்டிய மல்லாட்டை எண்ணெயில் முக்கினால் விறைப்பு ஏறும். அதற்குப் பிறகுதான் கனகராஜின் உயிர் இருக்கும் இடம். அலகு முழுக்கத் தேன்மெழுகை உருக்கிப் பூசுவான். பழைய கிராமபோன் ஊசியால் மெழுகைக் கீறிச் சித்திரம் வரைவான். ஏழு நாக்குப் பாம்பு, தலைகீழாக நிற்கும் மீன், ராணியின் கண். பிறகு நகைப் பட்டறையில் வாங்கிய திராவகத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால், மெழுகு கீறிய இடத்தில் மட்டும் இரும்பைத் தின்னும். நுரை கட்டும். அந்த நுரையைக் கோழி இறகால் நீவிவிட வேண்டும். சைவ வீட்டில் கோழி இறகா என்று வள்ளியம்மை ஒரு பாட்டம் ஆடியதில், அது காக்கை இறகாக மாறியது. கடைசியில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றித் திராவகத்தை அடக்கி, புளியும் புகைக்கரியும் தேய்த்தால், ஆயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்த களை வந்துவிடும்.

தீவு என்று ஒன்று இருந்தால் பாஷை வேண்டாமா? அதற்கும் ஒரு எழுத்து உண்டாக்கினான். பாம்பும் தேளும் தூண்டில் முள்ளும் போல முப்பத்தொரு எழுத்து. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தீவு எழுத்து ஒன்று. மறந்துபோகாமல் இருக்க, விற்காமல் நசுங்கிக் கிடந்த பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் இரண்டையும் ஜோடி ஜோடியாகச் செதுக்கி வைத்தான். அந்தத் தாம்பாளத்தை வள்ளியம்மை அரிசியில் கல் பொறுக்க எடுத்துக்கொண்டாள். அவனும் விட்டுவிட்டான். அதற்குள் எழுத்து அவனுக்கு மனப்பாடம்.

பலாப்பழம் வெட்டும் அந்தக் கத்தியை மீட்க அவன் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. ஒரு நாள் ஆத்திரத்தில் அதன் மறுபக்கத்தில் தீவு எழுத்தில் இரண்டு வரி செதுக்கி, சாதுவாகக் கொண்டுபோய்ச் சமையல்கட்டிலேயே வைத்துவிட்டான். என்ன எழுதினான் என்பது அவனுக்கும் உதிரகேசரிக்கும்தான் தெரியும்.

இப்படியாகப் பதினொரு குத்துவாள். ஒன்று சமையல்கட்டில், பத்து பரண்மேல் டிரங்குப் பெட்டியில். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இது எதுக்கு?" அவனுக்கு அந்தக் கேள்வி வேண்டாம். ஒரே ஒரு ஆள் கத்தியைக் கையில் வாங்கி, விரலில் நிறுத்திப் பார்த்து, கூர்முனையைத் தொட்டுப் பார்த்து, "அட" என்று சொன்னால் போதும். நான்கு வருஷமாக அந்த ஓர் "அட"வுக்காகத்தான் அவன் திராவகப் புகையில் இருமிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஜவுளிக் கடை அரங்கநாதன் வந்தார்.

அரங்கநாதன் கட்சியின் நகரச் செயலாளர். ஊருக்குள் எந்த முழக்கம் கேட்டாலும் முதல் குரல் அவருடையது. வைகாசிக் கடைசியில் பொதுக்கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. பேச வருகிறவர் சொற்கடல் அரிகிருஷ்ணனார். அந்தக் கடல் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து ஓய்ந்ததில்லை. கல்வெட்டும் படிப்பார், செப்பேடும் படிப்பார், எதிரில் நிற்பவன் நெஞ்சையும் படிப்பார் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். பெரிய பேச்சாளருக்கு மேடையில் வீரவாள் கொடுப்பது அந்த நாளில் வழக்கம். ஆனால் போன மாதமே திண்டிவனத்துக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள்.

"நாமளும் வாளே குடுத்தா ஈயடிச்சான் காப்பின்னு சிரிப்பான். நீ இன்னாமோ குத்துவாள் பண்றியாமே, கனகராஜு."

கனகராஜ் கல்லாவை விட்டே எழுந்துவிட்டான். ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தில், கடல் போன்ற ஒரு மனுஷர் தன் குத்துவாளை உருவித் தூக்கிப் பிடிக்கப் போகிறார். ஒரு "அட" என்ன, ஊரே "அட" என்னும். ஒப்புக்கொண்டான். ஒரே நிபந்தனை போட்டான்: ஒரு பக்கம் தன் பாம்பு, மறுபக்கம் தலைவர் பேர் மட்டும், வேறு எதுவும் கூடாது. அரங்கநாதன் தலையை ஆட்டினார். செயலாளர்கள் எதற்கும் தலையை ஆட்டுவார்கள்.

பன்னிரண்டாவது குத்துவாள் அது. மற்றதெல்லாம் அதற்கு ஒத்திகை என்று சொல்லலாம். ஒன்பது அங்குல அலகு, நடுவில் மெல்லிய ஓடை, கருத்த எருமைக் கொம்பில் பிடி. அலகும் பிடியும் சேரும் இடத்தில் ஒற்றை விரலால் தாங்கினால் தராசு முள் மாதிரி அசையாமல் நிற்கும். பாம்பின் ஏழு நாக்கும் ஏழு பக்கம் நெளிந்தன. கனகராஜ் அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் மோர்ச்சோற்றில் உப்புப் போடாமல் சாப்பிட்டான்.

மறுபக்கம் மெழுகு பூசி வைத்திருந்த அன்று காலை சோடா கம்பெனிக்காரர் கடைக்கு வந்தார். கட்சிக் கமிட்டி மெம்பர். குத்துவாளுக்குத் தானும் பணம் கொடுத்திருப்பதாகவும், ஆகவே தன் பேர் அதில் சின்னதாக, ஓரமாக, யாருக்கும் தெரியாமல் ஆனால் எல்லாரும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் போனதும் மல்லாட்டை மண்டிக்காரர் வந்தார். அவருக்குப் பிறகு சைக்கிள் கடைக்காரர். எல்லாரும் ஒரே மாதிரி குரலைத் தாழ்த்தி, "வேற எவன் பேரும் வேணாம், என்னுது மட்டும்" என்றார்கள். சாயங்காலத்துக்குள் பதினேழு பேர். பதினேழாவது ஆள், நிபந்தனைக்குத் தலையாட்டிய அதே அரங்கநாதன்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு சொம்பு கொடுத்தால்கூட அதன் கழுத்தில் பேர் வெட்டிக் கொடுக்கிற தேசம் இது. கோயிலுக்கு டியூப் லைட் கொடுத்தவன் 'உபயம்' என்று தன் பேரை, அப்பன் பேரை, ஊர் பேரை எல்லாம் அதன்மேலேயே எழுதிவைப்பான். மிச்சமிருக்கிற இடுக்கில் சாமிக்கு வெளிச்சம் வரும். கனகராஜின் கடையே பேர் வெட்டிப் பிழைத்த கடை. மூன்று தலைமுறையாக, பேர் வெட்டிக் கொடு என்று வந்தவனை அந்தக் கடை திருப்பி அனுப்பியதில்லை. உளியை எடுத்து டக் டக்கென்று வெட்டுவதுதான் அந்தக் கைக்குத் தெரியும். மாட்டேன் என்ற சொல் அந்த வாய்க்கு வராது. பதினேழு பேரிடமும் 'ஆவட்டும்ணே' என்று சொல்லிவிட்டான்.

சொல்லிவிட்டுக் குத்துவாளைப் பார்த்தான். ஒன்பது அங்குலத்தில் தலைவரும் பதினேழு பேரும். கல்யாணத்துக்கு வாங்கிய குடம் மாதிரி ஆகிவிடும். பாவம் உதிரகேசரி.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். தலைவர் பேரைத் தமிழில் அழகாக நடுவில் எழுதினான். சுற்றிலும் சரிகைக் கரை மாதிரி, பதினேழு பேரையும் தீவு எழுத்தில் பொடிப்பொடியாகப் பொறித்தான். பார்வைக்குப் பாம்பும் தேளுமாய்ச் சரிகை ஓடியது. சொன்ன சொல்லும் காப்பாற்றியாயிற்று, குத்துவாளும் பிழைத்தது. ஒவ்வொருவராக வந்து என் பேர் எங்கே என்று கேட்டபோது, காதருகே குனிந்து, வேறு எவனும் படிக்க முடியாதபடி ரகசிய எழுத்தில், முதல் ஆளாகப் போட்டிருக்கிறேன் என்றான். ரகசியம் என்றதும் அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. தாமே முதல் என்றதும் சுத்தமாகப் பேச்சே வரவில்லை.

கூட்டம் ஐந்து மணிக்கு. கடல் ஆறரைக்கு வந்தது. அனந்தபுரத்திலிருந்தும் சிங்கவரத்திலிருந்தும் சைக்கிளில் வந்தவர்கள் திடல் முழுக்க நிறைந்திருந்தார்கள். கனகராஜ் சலவை வேட்டி கட்டி முன் வரிசையில் உட்கார்ந்தான். அரங்கநாதன் வெல்வெட் உறையோடு குத்துவாளை நீட்டினார். அரிகிருஷ்ணனார் உருவினார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அலகு மின்னியது. 

தலைவர் விரலில் நிறுத்திப் பார்க்கவில்லை. கூர்முனையைத் தொடவில்லை. பாம்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. தன் பேர் இருக்கிற பக்கத்தைப் பார்த்தார். பேரைச் சுற்றி ஓடிய எழுத்தைப் பார்த்தார். கல்வெட்டுப் படிக்கிற கண்ணாயிற்றே.

"அருமைத் தோழர்களே, இது என்ன எழுத்து தெரிகிறதா? ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த மண்ணை ஆண்ட மன்னன் பொறித்த எழுத்து. படிக்கிறேன், கேளுங்கள்."

விரலை வைத்துப் படித்தார். "'செஞ்சியை நெருங்கும் செருக்கனே, திரும்பிப் பார், உன் நிழலும் உன்னோடு வர நடுங்குகிறது.'"

கைதட்டல் ராஜகிரி மலை வரை போய்த் திரும்பி வந்தது. அவர் விரல் வைத்த இடத்தில் இருந்தது மல்லாட்டை மண்டிக்காரரின் இனிஷியலும் பேரும். மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பதினேழு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கைதட்டினார்கள். கனகராஜுக்கு மட்டும் கை சேரவில்லை. ராஜாவை உண்டாக்கியது அவன், எழுத்தை உண்டாக்கியது அவன். அர்த்தத்தை மட்டும் வேறு ஒருத்தர் வந்து உண்டாக்கிவிட்டார். சரி, தொலையட்டும், கத்தியாவது நல்ல இடத்துக்குப் போகிறது என்று எழுந்து வீட்டுக்குப் போனான்.

கத்தி அங்கே போகவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் எதிர்க்கட்சிக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷத்துப் பொருள் என்று பேசியவரே சொன்னார். அப்படியானால் கோட்டையில் கிடைத்த புதையல். அது சர்க்கார் சொத்து. பாத்திரக் கடைக்காரன் தோண்டி எடுத்து, நடுவில் தலைவர் பேரை மட்டும் வெட்டிச் சேர்த்து, கட்சிக்காரனுக்குக் கொடுத்திருக்கிறான். கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. சேதி எட்டியதும் அரிகிருஷ்ணனார், சரித்திரத்தின் சொத்து மக்களுக்கே சேர வேண்டும் என்று சொல்லிக் குத்துவாளை அரங்கநாதன் கையில் திணித்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் கார் ஏறினார்.

சப்-இன்ஸ்பெக்டர் தங்கராசு கெட்டவர் இல்லை. வேலை இல்லாதவர். செஞ்சியில் ஆடு திருட்டும் வரப்புச் சண்டையும் தவிர அவர் கண்டது கிடையாது. புதையல் கேஸ் என்றதும் கனகராஜையும் குத்துவாளையும் ஸ்டேஷனுக்கு வரவழைத்து, மீசையை இரண்டு பக்கமும் சமமாக நீவிவிட்டு உட்கார்ந்தார்.

கனகராஜ் கையைக் கட்டிக்கொண்டு, இது நான் செய்தது, லாரி வில் பட்டையில் செய்தது என்றான்.

"லாரின்னா நம்பர் இருக்கணுமே. இதுல எங்க எழுதியிருக்குது?"

அரங்கநாதனைக் கேட்டார்கள். குத்துவாள் செய்யச் சொன்னது நிஜம்தான். ஆனால் கனகராஜ் செய்து கொடுத்தானா, தோண்டிக் கொடுத்தானா என்று தனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கூரையைப் பார்த்துச் சொன்னார். பழங்காலத்து எழுத்து என்று தலைவர் மைக்கில் சொன்ன பிறகு, இல்லை அது நேற்றைய எழுத்து என்று ஒரு செயலாளர் சொல்வதற்கு விதி கிடையாது. உங்கள் பேர்தானே அதில் இருக்கிறது என்று கனகராஜ் கண்ணால் கெஞ்சினான். தன் பேரைத் தனியாக எழுதச் சொன்னதை மற்றப் பதினாறு பேர் ஜன்னலுக்கு வெளியே நிற்கும்போது ஒப்புக்கொள்ள அவர் என்ன பைத்தியமா? அந்தப் பதினாறு பேரின் நிலைமையும் அதுவே.

வேறு வழியில்லாமல் கனகராஜ் ஒரு தப்புச் செய்தான். வேண்டுமானால் பாருங்கள், இதே மாதிரி இன்னும் பதினொன்று வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். ஏட்டு போய் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்தார். மேஜைமேல் பத்துக் குத்துவாள் பரப்பினார்கள். ஒவ்வொன்றிலும் புளியும் புகைக்கரியும் ஏறி, ஆயிரம் வருஷத்துக் களை சொட்டியது. தங்கராசு நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"யோவ், கோட்டையவே காலி பண்ணிட்டியா?"

கனகராஜ் இப்போது தன் கைத்திறமையை முதல் முறையாக நொந்துகொண்டான். கொஞ்சம் மட்டமாகச் செய்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

தங்கராசு யோசித்தார். ஒரு காகிதத்தை நீட்டி, குத்துவாளின் கரையில் இருப்பது இன்னதென்று வரிசையாக எழுதச் சொன்னார். கனகராஜ் பதினேழு பேரையும் எழுதிக் கொடுத்தான். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இது நீ சொல்வது, சொல்வதை யாரும் சொல்லலாம், இதைப் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆளைக் கூட்டிவா, இரண்டும் ஒத்துப்போனால் விட்டுவிடுகிறேன் என்றார். இல்லையென்றால் பன்னிரண்டும் மெட்ராஸுக்குப் போகும். கனகராஜ் விழுப்புரம் கோர்ட்டுக்குப் போவான்.

இன்னொரு ஆள் எங்கே கிடைப்பான்? கருநாகத் தீவில் ஜனத்தொகையே ஒன்று. தன் பத்துக் கத்தியும் பெட்டிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மெட்ராஸில் எந்தக் கிடங்கிலோ துருப்பிடித்துச் சாகும். ஒருத்தனும் "அட" என்று சொல்லாமலே.

அந்த நேரத்தில் வள்ளியம்மை வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு. இன்னொரு கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். இடுப்பில் நசுங்கிய தாம்பாளம். பதினொன்று என்று சொன்னார்களே, பெட்டியில் பத்துதானே இருக்கும், மிச்சம் ஒன்றையும் கொண்டுவந்திருக்கிறேன் என்று பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். ஸ்டேஷன் முழுக்கப் பலாப்பழ வாசனை அடித்தது.

தங்கராசு மோந்து பார்த்தார். இதுவும் புதையலா என்று கேட்டார்.

"எங்க வூட்டுப் பலாப்பழக் கத்திங்க. படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்னு வெளிய பேசிக்கிறாங்களே. குடுங்க, நான் படிக்கிறேன்."

கனகராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு எப்படி வள்ளி..." என்று ஆரம்பித்தவனை ஏட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். புருஷன் கண்ணைக் காட்டினால் பெண்டாட்டிக்குப் புரிந்துவிடும் என்பது இலாகாவின் அனுபவம்.

வள்ளியம்மை பன்னிரண்டாவது குத்துவாளைக் கையில் வாங்கினாள். தாம்பாளத்தைப் பார்க்கவில்லை. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். சோடா கம்பெனிக்காரர் பேர் வந்தது. ஜன்னலில் ஒரு தலை நிமிர்ந்தது. மல்லாட்டை மண்டி வந்தது. சைக்கிள் கடை வந்தது. தங்கராசு காகிதத்தை விரித்து ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் கோடு போட்டார். பதினேழாவதாக "ஜவுளிக் கடை அரங்கநாதன்" என்று அவள் நிறுத்தியபோது பதினேழு கோடும் பதினேழு பேரும் ஒத்திருந்தன.

வெளியே நிலவரம் மோசமாகிவிட்டது. தன்னை ஏன் மூன்றாவதாகப் போட்டாய் என்று சைக்கிள் கடைக்காரர் கனகராஜின் சட்டையைப் பிடித்தார். என்னையல்லவா முதல் ஆளாகப் போட்டதாகச் சொன்னாய் என்று இன்னொருவர் கேட்டார். அப்படியானால் நீங்களும் பேர் வெட்டச் சொன்னீர்களா என்று மூன்றாமவர் அவர் பக்கம் திரும்பினார். ஒரு நிமிஷத்தில் பதினேழு பேரும், ஆமாம் நான்தான் என் பேரை வெட்டச் சொன்னேன், நான்தான் முதலில் சொன்னேன் என்று போட்டி போட்டுக்கொண்டு சாட்சி சொன்னார்கள். ஏட்டு கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே விட்டார்.

அப்படியானால் உங்கள் தலைவர் படித்தாரே, அது என்ன என்று தங்கராசு கேட்டார். அரங்கநாதன் கொஞ்சமும் அசரவில்லை. தலைவர் படித்தது எழுத்தை இல்லை, மக்கள் உள்ளத்தை என்றார்.

புதையல் கேஸ் கைநழுவியதில் தங்கராசுக்கு வருத்தம். ஆனாலும் ஒரு விஷயம் அவரை அரித்தது. பலாப்பழக் கத்தியைத் திருப்பினார். அதிலும் இரண்டு வரி எழுத்து இருந்தது. இது என்ன என்று கேட்டார்.

"சார், அது வேணாம் சார்" என்றான் கனகராஜ். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

வள்ளியம்மை கத்தியைக் கையில்கூட வாங்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பது போல, முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல் சொன்னாள்:

"'உதிரகேசரியின் வாளால் பலாப்பழம் அறுக்கிறவளே, ஏழு நாளைக்கு உன் நாக்கு பலாப்பாலில் ஒட்டிக்கிடக்கக் கடவது.'"

 லாக்கப்பில் இருந்த ஆட்டுத் திருடன்தான் முதலில் சிரித்தான்.

தங்கராசு மிகவும் அக்கறையாக, "ஒட்டிக்கிச்சாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு நாள்கூட ஒட்டலை சார். எண்ணெய் தடவிக்குவேன்."

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் மனுவின் கீழே, லாரி வில் பட்டையில் செய்த பொம்மைக் கத்தி, புதையல் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, ஏதோ தோன்றியவர் போலப் பன்னிரண்டாவது குத்துவாளை எடுத்தார். பாம்பு இருக்கிற பக்கத்தைத் திருப்பினார். ஏழு நாக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒற்றை விரலில் நிறுத்தினார். அசையாமல் நின்றது. கட்டை விரலால் கூர்முனையைத் தொட்டார். ரத்தம் பொட்டாகத் துளிர்த்தது.

"அட" என்றார்.

கனகராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. விரல் வெட்டுப்பட்டது இவனுக்குத்தானோ என்று ஏட்டு சந்தேகப்படும் அளவுக்குக் கலங்கிவிட்டது.

தங்கராசு விரலைச் சூப்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். பிடி ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிற மாதிரி தெரிகிறதே, சின்னதாக, ஓரமாகத் தன் பேரையும் போட முடியுமா என்று கேட்டார். கனகராஜ் வாயைத் திறந்தான். மூன்று தலைமுறை 'ஆவட்டும்' தொண்டை வரை வந்தது.

"எடமில்லை சார்" என்றான்.

கட்சிக்காரர்கள் குத்துவாளைத் திருப்பிக் கேட்கவில்லை. படித்தால் தலைவருக்கு அவமானம், படிக்காவிட்டால் தங்களுக்கு நஷ்டம். அடுத்த தடவை வெள்ளிக் கோப்பை கொடுப்பதாகப் பேசிக்கொண்டு போனார்கள். அதில் வாய் அகலம், பேர் வெட்ட வசதி. பன்னிரண்டு குத்துவாளும் பெட்டிக்குள் ஏறி ஒரு சைக்கிள் ரிக்ஷாவில் வீடு திரும்பின. பின்னால் புருஷனும் பெண்டாட்டியும் நடந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் கனகராஜ் மெல்லக் கேட்டான்.

"எப்போ கத்துக்கிட்ட?"

"தெனம் அந்தத் தட்டுலதானே கல்லு பொறுக்கறேன். நாலு வருஷமா கண்ணெதிர இருக்குது. கல்லு கம்மியா இருந்தா வேற இன்னா பண்றது?"

"அந்த ரெண்டு வரிய எப்போ படிச்ச?"

வள்ளியம்மை தாம்பாளத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "நீங்க எழுதின மறுவாரம்."

கனகராஜ் நின்றுவிட்டான். அப்படியானால் மூன்று பலாப்பழக் காலமாக அவள் தெரிந்தேதான் வெட்டியிருக்கிறாள்.

"படிச்ச பொறவுமா அதுலயே வெட்டின? அரிவாள்மணை மழுங்கிப்போச்சுன்னு சொன்னியே?"

"அது மழுங்கலைங்க" என்றாள் வள்ளியம்மை, நடையை நிறுத்தாமல். "படிச்ச அன்னிக்குத்தான் அதைப் பரண்ல ஏத்தினேன்."